பாலக்காட்டுக் கணவாயை எப்போது திறப்பீர்கள்? ஏழாவது புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் வியூகக் கணினி கேமின் தென்னிந்திய மேப் தொகுப்பில் மலை, ஆறு, கடல், கனிமம் எல்லாம் இடம் மாறிக் கிடப்பதும், ஏழு மாதமாகியும் அது திருத்தப்படாததும்.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது புகார். முதல் ஆறுக்கும் டிக்கெட் எண் தந்தீர்கள். அவற்றில் மூன்றை ‘தீர்க்கப்பட்டது’ என்று நீங்களே மூடிவிட்டீர்கள். எதைத் தீர்த்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. மேப் நான் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கணினியில் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள் என்று நான்கு முறை பதில் வந்தது. டிரைவரை அப்டேட் செய்தால் மலையில் வழி பிறக்குமா?

பொறுமையாகவே எழுத நினைக்கிறேன். உங்கள் கேமை நான் வெறுப்பவன் அல்ல, பல வருடங்களாக விளையாடுகிறவன். இந்தத் தொகுப்பு வரப்போகிறது என்றதும் முன்பதிவு செய்து வாங்கினேன். ‘உண்மையான நிலவியல், உண்மையான வளங்கள்’ என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அந்த நான்கு வார்த்தைகளை நம்பித்தான் பணம் கட்டினேன்.

முதலில் கணவாய். கொங்கு நாட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். மேற்கே வடக்கு தெற்காக ஒரே சுவர். நீலகிரியில் தொடங்கும் மலை டைல்கள் (மேப்பின் கட்டங்கள்) இடைவெளியே இல்லாமல் ஆனைமலை வரை போகின்றன. பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒன்று உங்கள் மேப்பில் கிடையாது. ஒரு பக்கம் 2,637 மீட்டர் தொட்டபெட்டா, இன்னொரு பக்கம் 2,695 மீட்டர் ஆனைமுடி. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்வாகத் திறந்து கிடக்கும் நிலம் அது. பாலக்காடு நகரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. மேற்குக் கடற்கரைக்கும் கொங்குக்கும் காலங்காலமாக வணிகம் நடந்ததே அந்த வழியாகத்தான். கொங்கு மண்ணில் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மேப்பில் ஒரு பொதி மிளகு கொங்குக்கு வர வேண்டுமானால் கன்னியாகுமரிப் பக்கத்து ஆரல்வாய்மொழி வரை தெற்கே போய்ச் சுற்றி வர வேண்டும். 22 டர்ன், அதாவது 22 ஆட்டச் சுற்று ஆகிறது. அதற்குள் போர் முடிந்துவிடுகிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதைக்கூட நானே கண்டுபிடித்து, மூன்றாவது டிக்கெட்டில் படத்தோடு அனுப்பினேன். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத்தான் நீங்களும் எடுத்திருப்பீர்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு டைலுக்குள்ளும் எது அதிக உயரமோ அதையே அந்த டைலின் உயரமாக வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் கையேட்டின்படி ஒரு டைல் 25 கிலோமீட்டர். 30 கிலோமீட்டர் இடைவெளி இரண்டு டைல்களுக்கு நடுவில் விழுந்தால், இரண்டிலும் ஓரமாக ஒரு மலை எட்டிப் பார்க்கும். உடனே இரண்டுமே மலை ஆகிவிடும், வழி மறைந்துவிடும். மலைத்தொடர் வரும் இடங்களில் குறைந்தபட்ச உயரத்தையும் பார்த்து, கணவாய்களைக் கையால் திறந்துவிட வேண்டும். ஒரு ஆள் ஒரு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இதைச் சொல்லத்தான் உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். 40 நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு ஒருவர் எடுத்தார். பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “சார், நீங்க கேம் விளையாட வாங்குனீங்களா, பரீட்சை எழுத வாங்குனீங்களா?” என்றார். நான் மறுபடியும் கணவாயைப் பற்றிச் சொன்னேன். “மலைன்னா மலைதான் சார், அதுல வழி எல்லாம் கிடையாது” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த வார்த்தை இன்றுவரை என் காதில் இருக்கிறது. மலையில் வழி கிடையாதாம்! 1860களிலிருந்து அந்த வழியாக ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரயில் என்றதும் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது டிக்கெட்டுக்குப் பிறகு உங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் மரியாதையாகவே பேசினார். “நேரில் வாங்க சார், மேப் டீமோட உட்காரலாம்” என்றார். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அச்செடுத்த வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கோவை தாண்டி, வாளையாறு தாண்டி, பாலக்காடு வழியாக. உங்கள் அலுவலகத்துக்கு வர நான் கடந்தது உங்கள் மேப்பில் இல்லாத அதே கணவாயைத்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தூரத்தில் விலகி நிற்கும் மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்தவன் மாலை நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு பெண் வந்து, மேப் டீம் வேறு நாட்டில் இருக்கிறது என்றும், இங்கே விற்பனைப் பிரிவு மட்டும்தான் என்றும் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, தண்ணீராவது கொடுத்தார். ஆனால் அன்று எனக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தஞ்சாவூர் டைலில் இரும்பு வைத்திருக்கிறீர்கள். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. அங்கே தாது எங்கிருந்து வரும்? இரும்பு சேலத்துப் பக்கம் கஞ்சமலையில் இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கியதற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. உங்கள் மேப்பில் கொங்கு நாடு முழுவதும் வெறும் புல்வெளி. தங்கம் கன்னியாகுமரியில் இருக்கிறது, கோலார் காலியாகக் கிடக்கிறது! 2001இல் மூடும்வரை உலகிலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்த இடம் அது. முத்து சென்னைக் கடற்கரையில். முத்துப் பார்கள் மன்னார் வளைகுடாவில் இருக்கின்றன. கொற்கையும் காயலும் பேர் பெற்றதே முத்துச் சலாபத்தால், அதாவது முத்துக் குளிப்பால்தானே.

குதிரையைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன், இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் மூன்று குதிரை டைல்கள். உங்கள் ஆட்டம் 1250இல் தொடங்குகிறது. அந்த நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்குவதையும், இங்கே அவை பிழைக்காமல் செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். பாண்டியனுக்குத் துறைமுகம் ஏன் தேவை என்பதே இதில்தான் இருக்கிறது. முத்தை விற்றுக் குதிரை வாங்க வேண்டும். நீங்கள் வீட்டு வாசலிலேயே குதிரையைக் கட்டிவிட்டால் யார் கடலுக்குப் போவார்கள்? நான் 300 மணி நேரம் விளையாடிய சேவ் ஃபைலில் கணினி ஆடும் பாண்டியன் ஒரு கப்பல்கூடக் கட்டவில்லை.

இதற்கு உங்கள் ஆறாவது பதிலில், எல்லா அரசுகளுக்கும் சமவாய்ப்பு வேண்டும் என்பதற்காக வளங்களைப் பிரித்து வைத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு மாதத்தில் படித்துப் பார்த்து எழுதிய ஒரே பதில் அதுதான், அதற்கு நன்றி. ஆனால் சமவாய்ப்பை நிலமே கொடுத்திருக்கிறதே! சோழனுக்கு நெல் உண்டு, இரும்பு இல்லை. கொங்குக்கு இரும்பும் மணிக்கல்லும் உண்டு, துறைமுகம் இல்லை. மலைக்கு மேற்கே மிளகு உண்டு, பெரிய நெல்வயல் குறைவு. பாண்டியனுக்கு முத்து உண்டு, குதிரை இல்லை. ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருப்பதால்தான் சண்டையும் உறவும் வந்தன. எல்லோருக்கும் எல்லாம் கொடுத்த பிறகு அங்கே வியூகத்துக்கு என்ன வேலை? கர்நாடகத்து ஹொய்சளர்கள் ஸ்ரீரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் வந்து தங்கிய காலம் அது. உங்கள் மேப்பில் அவர்களால் மலையை விட்டு இறங்கவே முடியாது, அந்தப் பக்கத்துக் கணவாய்களையும் அடைத்துவிட்டீர்கள்.

மழையையும் சொல்லியாக வேண்டும். தெற்கு முழுவதற்கும் ஜூன் மாதம் மழை என்று ஒரே விதி போட்டிருக்கிறீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. தமிழகத்துக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கில் இருந்து. குடகில் ஜூனில் பெய்வது காவிரியில் வந்து சேர்கிறது. அப்போது டெல்டாவில் வானம் காய்ந்திருக்கும், ஆறு நிறைந்திருக்கும். ஆற்றுத் தண்ணீர் ஒரு பருவம், வானத்துத் தண்ணீர் இன்னொரு பருவம். சோழநாட்டு நெல்லின் பலமே இதுதான். நீங்கள் காவிரியை ஒற்றைக் கோடாக வரைந்து கடலில் விட்டிருக்கிறீர்கள். கொள்ளிடம் இல்லை, டெல்டா இல்லை, வெள்ளமும் இல்லை. ஏரி, கண்மாய் கட்டும் வசதியே இல்லை, கிணறும் கால்வாயும் மட்டும். வீராணம் ஏரியை 10ஆம் நூற்றாண்டிலேயே வெட்டியிருக்கிறார்கள் ஐயா.

பள்ளியில் படிக்கும் என் தங்கை மகன் என்னோடு சேர்ந்து இந்தக் கேமை விளையாடுகிறவன். வகுப்புத் தேர்வில் காவிரியை உங்கள் மேப்பில் இருப்பது போலவே ஒற்றைக் கோடாக வரைந்துவிட்டு வந்தான். மதிப்பெண் போனது. ‘உண்மையான நிலவியல்’ என்று போட்டிருந்ததே மாமா என்று என்னைக் கேட்கிறான். அவனுடைய எதிர்காலத்துக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?

இன்னும் ஒன்று. பாக் நீரிணையை ஆழ்கடல் என்று குறித்திருக்கிறீர்கள். அது ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.

நான் கேட்பது இவ்வளவுதான். கணவாய்களைத் திறந்து, வளங்களை அவற்றின் இடத்தில் வைத்து, இரண்டு பருவமழையையும் பிரித்து ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். என்னிடம் உள்ள குறிப்புகளையும் வரைபடங்களையும் இலவசமாகத் தருகிறேன், காசு வேண்டாம். அது முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த விளம்பர வாசகத்தை எடுத்துவிடுங்கள்.

மின்வணிக விதிகள் 2020இன்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்களுக்கு ஏழு மாதம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கும் டிரைவர் பதிலே வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தவறான விளம்பரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் என்னவாகும் என்று உங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்கள், ரயில் டிக்கெட், உங்கள் வரவேற்பறையில் கொடுத்த பார்வையாளர் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: போனில் பேசியவர் யார் என்று உங்கள் பதிவிலேயே இருக்கும். அவரிடமிருந்து எனக்கு ஒரு மன்னிப்பு மெயில் வர வேண்டும். அதில் பாலக்காட்டுக் கணவாய் என்ற சொல் இருக்க வேண்டும்.