சிபாப் கருவியை விற்பதோடு பொறுப்பு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கு முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை எங்கள் ஈரோடு, திருப்பூர் பக்கங்களில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்; ஆனால், தானாக அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால், அதை 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று தொழிற்சாலையில் வைத்த அமைப்பிலேயே விட்டுவிட்டுச் செல்வதும் நடக்கிறது. கூடுதல் அழுத்தம் தேவைப்படுபவருக்கு 4-இல் தொடங்கும்போது போதிய காற்று வராததுபோல மூச்சு முட்டுவதால், அவர் சில நாள்களிலேயே முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷின் ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். குறைந்தபட்ச அழுத்தத்தைச் சற்று உயர்த்துவது, தொண்டை வறண்டால் ஈரப்பதத்தைக் கூட்டுவது போன்றவை மருத்துவரின் ஆலோசனையோடு எளிதில் செய்யக்கூடியவையே. முகமூடியின் அளவு பொருந்தாவிட்டால் காற்று கசியும்; பெரியவர்களின் அடர்ந்த மீசையும் அதற்கு ஒரு காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை! பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் பஞ்சுத்தூசி படிவதால் வடிகட்டியையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கசிவு அளவும், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்பதும் கருவியிலேயே பதிவாகின்றன; பொதுவாக அந்தத் தடைகளின் எண்ணிக்கை மணிக்கு 5-க்குக் கீழே இருக்க வேண்டும். இப்பதிவுகளைப் பார்த்து அமைப்பைத் திருத்தித் தர, இப்பகுதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது ஒதுக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பெருந்துறை