ஆத்தா தாண்டிய கறுப்புப் பூ

காரைக்குடி
கார்த்திகை

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி படித்து விசாலாட்சிக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். ஆத்தாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் தாமதித்தேன்.

மறதி வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. முதலில் பார்த்த டாக்டர், வயசானால் அப்படித்தான் என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதற்கப்புறம் பகலிலும் தடுமாற்றம். பொழுது சாய்ந்தால், "வீட்டுக்குப் போகணும்" என்று முகப்புக் கதவைப் போட்டுத் தட்டுவாள். இதுதானே ஆத்தா உன் வீடு என்று நான் சண்டை போடுவேன். இப்போது நினைத்தால் வலிக்கிறது.

ஆவணியில் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரே டாக்டர் பார்த்து அனுப்புவதில்லை, நாலைந்து பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். மனநல நிபுணர் தேதி கேட்டார். "ஆவணி பத்து" என்றாள். அந்தப் பெண் காலண்டரைப் பார்த்து, சரி என்று குறித்துக்கொண்டார். ஆனால் கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டாள். வட்டிக்கணக்கை மனசிலேயே போட்டவள், சுப்பையா!

ரத்தத்தில் பி12 குறைவு, காதும் மந்தம். ஸ்கேனில் மூளைச் சுருக்கத்தோடு சின்ன ரத்தக்குழாய் அடைப்புகளும் தெரிந்தன. அல்சைமர் என்கிற மறதி நோயும் ரத்தக்குழாய் பாதிப்பும் கலந்தது என்றார் நரம்பியல் டாக்டர். தூக்க மாத்திரையை நிறுத்தினார். பி12 ஊசி, ஞாபகத்துக்கு டோனெபெசில் மாத்திரை 5 மில்லிகிராம், பிரஷருக்குக் கண்டிப்பான கவனிப்பு. நோயை இது குணமாக்காது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

நர்ஸம்மா ஆத்தாவை விட்டுவிட்டு விசாலாட்சியிடம், "நீங்க ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். இவள் உடைந்து அழுதுவிட்டாள். பக்கத்திலேயே இருக்கும் நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது வாரத்தில் மூன்று ராத்திரி என் முறை.

அப்புறம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்ய வழிசொல்பவர், வீட்டுக்கே வந்தார். ஆத்தா வளவில், நடுமுற்றத்தைச் சுற்றி நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்தார். தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லில் இருக்கும் கறுப்புப் பூ அவளுக்குக் குழியாகத் தெரிகிறதாம்! நாங்கள் மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். படுக்கையைப் பூப்போடாத சிமெண்ட் தரை அறைக்கு மாற்றினோம், உயரமான நிலைப்படிகளில் மஞ்சள் பட்டை அடித்தோம், ராத்திரி விளக்கு வைத்தோம். விழுவது நின்றிருக்கிறது. சாயங்காலத் தவிப்பு வரும்போது பழைய கொத்துச்சாவியைக் கையில் கொடுக்கிறோம். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து அமைதியாகிறாள்.

பிள்ளையார் நோன்புக்கு வருகிறாய் அல்லவா? "என்னைத் தெரியுதா" என்று மட்டும் கேட்டுவிடாதே. எதிரில் உட்கார்ந்து, "சுப்பையா வந்திருக்கேன் ஆத்தா" என்று நீயே சொல். இடது காதில் மெஷின் இருக்கிறது, அந்தப் பக்கமாகப் பேசு. காலையிலேயே வந்துவிடு, அப்போதுதான் தெளிவாக இருப்பாள்.

உன்
சொக்கலிங்கம்