குனியாமல் பறித்த கீரை

அன்பு மக்கா,

ஓணத்துக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மா உன்னை விசாரித்தார்கள். சாம்பக்காய் விஷயம் அவர்களுக்கு இன்னும் தெரியாது, தைரியமாக ஊருக்கு வரலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா மறுபடியும் தோட்டத்தில் இறங்கிவிட்டாள்.

குனியவே கூடாது, குத்தவைக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அடுக்களைப் படியில் உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தாங்கவில்லை. போதாததற்குப் போன வருஷம் ஐப்பசியில் தண்ணீர் கட்டிக் கிடந்து வழுதலங்காய்ச் செடியெல்லாம் வேர் அழுகிப் போயிற்று. நம் ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பள்ளத்தில் நிற்கிற செடி என்ன செய்யும்?

அதனால்தான் மேட்டுப்பாத்தி கட்டினேன். 2021 நவம்பர் மழையில் விழுந்ததே மதில், நீ ஏறிக் குதித்துக் கால்முட்டைப் பெயர்த்துக்கொண்ட அதே மதில், அந்தக் கல்தான். தண்ணீர் இடுக்கு வழியாக வடியட்டும் என்று சிமெண்ட் பூசாமல் அடுக்கினேன். இரண்டடி உயரம், பத்தடி நீளம். அகலம்தான் பாடாய்ப் படுத்தியது. முதலில் ஐந்தடி வைத்தேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தாள், நடுப்பாகம் எட்டவில்லை. ஒன்றும் சொல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே ஒரு பக்கத்தைப் பிரித்து நாலடியாக்கினேன். இப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாதி பாத்தி அவள் கைக்குள்.

அடியில் ஓரடிக்குக் காய்ந்த கதம்பல், தேங்காய் உரித்த மட்டைதான். மண் செலவும் குறையும், ஈரமும் நிற்கும். அதன்மேல் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள், அதுதான் நம் சகிரிச்சோறு, ஒரு பங்கு. அதில் உப்பும் கறையும் இருக்கும், மூன்று தண்ணீரில் அலசித்தான் போட வேண்டும். சாணத்தில்தான் ஏமாந்தேன். மக்கியது என்று ஒருவர் தந்தது உள்ளே பச்சை. கையை விட்டால் சுட்டது. முதலில் நட்ட நாற்று முழுக்கக் கருகிப் போயிற்று. அதையெல்லாம் கிளறிப் போட்டு ஒரு மாதம் ஆறவிட்டேன். அந்த ஒரு மாதமும் அம்மா முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்புறம் தண்டங்கீரை விதைத்தோம். ஐப்பசி மழை கொட்டியது. கீழே முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், மேலே பாத்தியில் கீரை அசையாமல் நின்றது. மண் மட்டும் நாலு விரற்கடை இறங்கிவிட்டது, மேலே கொஞ்சம் சேர்த்தேன். இருபத்தைந்தாம் நாள் அம்மா தானே பறித்தாள். வேர் மண்ணை முந்தானையில் துடைத்து ஒவ்வொரு தண்டாக அடுக்கினாள். அவள் கைவிரல் இடுக்கில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது, மக்கா. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி மாசி பங்குனி வெயில்தான் கவலை. மேட்டுப்பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த இலையைக் கனமாகப் பரப்பி மூடலாம் என்றிருக்கிறேன். அதைவிடப் பெரிய கவலை, விடியுமுன் டார்ச்சோடு அவள் தனியாக அங்கே போவது. நான் சொல்லிக் கேட்க மாட்டாள். நீ போன் பண்ணிச் சொல்.

ஓரத்து வெண்டையில் இரண்டு காயை விதைக்கு முற்ற விட்டிருக்கிறாள், என்னைத் தொடவிடவில்லை. உன் பிளாட் பால்கனிக்காம். எத்தனை தொட்டி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். எழுது.

உன் கூட்டுக்காரன்