மனையை மறுபடி விற்கும் பத்திரங்களில் நிபந்தனைகளை விட்டுவிடாதீர்கள்

மண்டபம் கடற்கரையை ஒட்டிய நம் மனைப்பிரிவின் சங்க நிர்வாகிகளுக்கும் மனை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை, ஒரு மனையில் ஒரு வீட்டுக்கு மேல் கட்டுவதில்லை, எல்லையோரப் பனைகளை வெட்டுவதில்லை என்ற மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டே நாம் மனை வாங்கினோம். அண்மையில் கைமாறிய சில மனைகளின் பத்திரங்களில் இவை காணப்படவில்லை என்பதை அறிந்து மிகவும் வருந்தினேன்.

முதல் நிபந்தனையே நம் உயிர்நாடி. இந்த மணற்கரையில் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஆழத்தில் குழாய் இறக்கி மோட்டாரால் இழுத்தால் உப்புநீர் மேலேறி, இழுத்தவர் கிணற்றோடு பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கரிக்கச் செய்துவிடும். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பியிருக்கும் மண்ணில் அந்த நல்ல நீர் விரைவில் மீளாது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 40ஆம் பிரிவில், இத்தகைய கட்டுப்பாட்டை அறிந்தே வாங்கியவரையும் விலையின்றிப் பெற்றவரையும் அதற்குக் கட்டுப்பட வைக்கிறது. அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்துவதில்லை. 1848இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டம் பற்றிய வழக்கில், வாங்கியவரின் பத்திரத்தில் நிபந்தனை இல்லாதபோதும், அதை அறிந்தே வாங்கியதால் அவர் அங்கே கட்டடம் எழுப்ப முடியாமற்போனது. நம் முதல் பத்திரங்கள் பதிவானவை என்பதால் வாங்கியவர் அறிந்ததாகவே கருத வேண்டுமென நாமும் வாதிடலாம். ஆயினும் அதற்காக நீதிமன்றப் படியேறுவதைவிடப் பத்திரத்தில் நான்கு வரி சேர்ப்பது எளிது. ஒரு மனையில் போர் போட்டதைக் கண்டும் நாம் பேசாதிருக்கிறோம். இந்த மௌனம் நீண்டால் அது சம்மதமாகவே கொள்ளப்படக்கூடும்.

நிபந்தனைகள் நிலத்தின் பயன்பாட்டைப் பற்றியவையாக மட்டுமே இருக்கட்டும். இன்ன சாதியார், இன்ன மதத்தார் வாங்கக் கூடாது என்று எவரேனும் சேர்க்க முனைந்தால் முதல் ஆளாக நான் எதிர்ப்பேன்.

மனையை விற்க இருப்பவர்கள் தாய்ப்பத்திர நகலைப் பத்திர எழுத்தரிடம் கொடுத்து, மூன்று நிபந்தனைகளையும் சொல் மாறாமல் எழுதச் செய்யுங்கள். அவை விடுபட்ட மனைகளைப் பொறுத்தவரை, விற்றவரும் வாங்கியவரும் இசைந்தால் பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்யும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். என் பங்கை இப்போதே செலுத்த ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மனை உரிமையாளர் ஒருவர்