விளம்பரம் தமிழில், நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்', 'முதல் மாதம் இலவசம்' என்றெல்லாம் கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது எச்சரிக்கைச் செய்திகள் வருகின்றன. ஏமாந்துவிடாதீர்கள் என்று வாசகருக்குப் புத்தி சொல்வதோடு அவை நின்றுவிடுகின்றன. இப்படி விளம்பரம் செய்வதற்கே தடை இருக்கிறது என்பதும், அந்த விதிகளில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதும் எழுதப்படுவதில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், பள்ளியில் படிக்கும் மகளுக்காக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தரும் செயலி ஒன்றைப் பதிவிறக்கம் செய்தார். அந்த விளம்பரம் முழுவதும் நம் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போன்ற தமிழில் இருந்தது. ஒரு ரூபாய் கட்டினால் போதும், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றது. பிடிக்கவில்லை; செயலியை நீக்கிவிட்டார். அதன் பிறகும் அவர் கணக்கிலிருந்து 399 ரூபாய் எடுக்கப்பட்டது, அடுத்த மாதமும் எடுக்கப்பட்டது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இம்மாதிரிக் கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம்.

அதே சலுகைக்கான பணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 'ரூ.1' என்பது கட்டைவிரல் அகலத்துக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே, வெளிர்சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை வரை இந்தக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளலாம் என்றும், அந்த அனுமதி பல ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் இருந்தது. ஒரு ரூபாய் கட்டுவதாக நினைத்து அவர் ரகசிய எண்ணை அழுத்தினார். உண்மையில் கொடுத்தது 'ஆட்டோபே' எனப்படும் நிலையான அனுமதி. அந்த அனுமதி வங்கிக் கணக்கோடு இணைந்து கிடப்பதால், செயலியை நீக்கினாலும் அது அப்படியே இருக்கும். பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் தேடிப்போய்த்தான் அதை ரத்துசெய்ய வேண்டும். விளம்பரத்தில் அவ்வளவு வாயாடிய குரல் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை அவருடைய கவனக்குறைவு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சலுகையைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு நிபந்தனையையும் தமிழில் சொல்லத் தெரியும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை 2022 ஜூனில் வெளியிட்டது. விளம்பரம் எந்த மொழியில் சலுகையைச் சொல்கிறதோ அதே மொழியில்தான் பொறுப்புத்துறப்பு வாசகமும், அதாவது அடியில் வரும் நிபந்தனைக் குறிப்பும், இருக்க வேண்டும், எழுத்தின் அமைப்பும் அதே போல இருக்க வேண்டும், குரல் வழியாகச் சொல்லப்படும் சலுகையானால் அந்தக் குரல் ஒலிக்கும்போதே நிபந்தனையும் திரையில் தெரிய வேண்டும் என்று அந்நெறிமுறைகள் கூறுகின்றன. முக்கியமான தகவலை மறைப்பதற்குப் பொறுப்புத்துறப்பைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு. திரும்பப் பெற முடியாத ஒரு தொகையைக் கட்டியாக வேண்டிய சலுகையை 'இலவசச் சோதனை' என்று அழைக்கவும் தடை இருக்கிறது.

மற்ற விதிகளில் எது தவறு, எது வெறும் மிகைப்படுத்தல் என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். மொழி பற்றிய விதியில் வாதத்துக்கே இடமில்லை. விளம்பரத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால் மீறலா இல்லையா என்பது தெரிந்துவிடும். இவ்வளவு எளிதாகச் சோதிக்கக்கூடிய ஒரு விதியை வைத்துக்கொண்டு, தமிழ் விளம்பரங்களின் அடியில் ஆங்கிலப் பொடி எழுத்து ஓடுவதை எப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆணையம் விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் தருவோம் என்று விளம்பரம் செய்த ராபிடோ நிறுவனத்துக்கு 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த 50 ரூபாய் பணமே அல்ல. 'ஐம்பது வரை' கிடைக்கக்கூடிய நாணயப் புள்ளிகள். அவற்றை பைக் சவாரிக்கு மட்டும், அதுவும் ஏழு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். இந்த நிபந்தனைகள் படிக்க முடியாத அளவுச் சிறிய எழுத்தில் போடப்பட்டிருந்தன. 120க்கும் மேற்பட்ட நகரங்களில், பல மாநில மொழிகளில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஓடிய பிறகுதான் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. அபராதத்தை வரவேற்கிறேன், ஒன்றரை ஆண்டு என்பதை எப்படி வரவேற்பது என்று தெரியவில்லை.

வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டு 2023 நவம்பரில் தனியாக விதிகள் வந்தன. சந்தாவில் சேர்ப்பதை எளிதாக்கி வெளியேறுவதைச் சிக்கலாக்குவது அவற்றில் ஒன்று. 2025 ஜூனில் மின்வணிக நிறுவனங்களைப் பார்த்து, உங்கள் தளங்களை நீங்களே தணிக்கை செய்து சரிபாருங்கள் என்று ஆணையம் அறிவுறுத்தியது. தேர்வு எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதால் என்ன பயன் விளையும் என்பதைத் தங்கள் வாசகர்களே ஊகித்துக்கொள்வார்கள்.

ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டிலும் இதே மொழி ஓட்டை இருக்கிறது. தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு அப்போது 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. எங்கள் தெருப் பெண்மணிக்கும் முன்னறிவிப்புக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தேடியபோது, கடன் தருகிறோம், ரீசார்ஜ் செய்யுங்கள் என்ற செய்திகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் கிடந்தது. கணக்கு தொடங்கும் படிவத்தைத் தமிழில் தரும் வங்கிகளால் இந்த மூன்று வரிச் செய்தியைத் தமிழில் அனுப்ப முடியாதா?

399 ரூபாய்க்காக யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஆனால் வழக்கே போட வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் ஒருபுறமிருக்க, தவறான விளம்பரம் குறித்து மாவட்ட ஆட்சியரிடமே எழுத்துமூலம் புகார் தரலாம் என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது; விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை 16ஆம் பிரிவு அவருக்கு அளிக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இப்படி ஒரு மனு வந்தால், ரகசிய எண்ணை நீங்கள்தானே போட்டீர்கள் என்று திருப்பி அனுப்பாமல் இந்தப் பிரிவுகளின்படி எடுத்துக்கொள்ளுமாறு அலுவலர்களுக்கு ஆட்சியர்கள் அறிவுறுத்த வேண்டும். விளம்பரத்தின் திரைப்பதிவையும் பணம் செலுத்தும் பக்கத்தின் படத்தையும் மனுவோடு இணைப்பது அவசியம், ஏனென்றால் இத்தகைய விளம்பரங்கள் சில நாள்களில் காணாமல் போய்விடும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் இணையப் பக்கத்தில் செய்திகளுக்கு இடையே இதே வகை விளம்பரங்கள் வருகின்றன. அவற்றில் பல இடைத்தரகு நிறுவனங்களின் வழியே தானாக வந்து விழுபவை என்பதையும், அவற்றைத் தேர்ந்தெடுப்பது தங்கள் கையில் இல்லை என்பதையும் அறிவேன். தங்கள் விளம்பரப் பிரிவு நேரடியாக விற்கும் இடங்களுக்காவது, தமிழில் சலுகை சொல்லும் விளம்பரத்தில் நிபந்தனையும் தமிழில், அதே எழுத்தளவில் இருந்தால்தான் ஏற்போம் என்று அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.