லின்மவுத்திலிருந்து அப்பா

அன்புள்ள மீனா,

இருவரும் நலம். உன் அண்ணன் எங்களை இங்கிலாந்தில், டெவன் மாவட்டத்தின் வடகடலோரத்தில் இருக்கும் லின்மவுத்துக்கு அழைத்து வந்திருக்கிறான். கையகல ஊர். செங்குத்தான மலைகளுக்கு நடுவே, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலையில் கிழக்கு லின் ஆற்றங்கரையோடு ஓக் மரக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போல நடந்தோம். வாட்டர்ஸ்மீட் என்ற இடத்தில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. நம் பவானி கூடுதுறைதான், கோயில் மட்டும் இல்லை. 1832இல் கட்டிய வீடொன்றில் தேநீர் விற்கிறார்கள். அம்மா அதுவரை முழங்கால் வலியை மறந்து நடந்தாள். தேநீர் குடித்ததும் நினைவு வந்துவிட்டது.

மேலே இருக்கும் லின்டனுக்கு ஏற ஒரு ரயில். 1890இல் போட்டது, இன்ஜின் கிடையாது. கிணற்று ராட்டினத்தில் இருபுறமும் வாளி கட்டியதுபோல் இரண்டு பெட்டிகள். மேல் பெட்டியின் தொட்டியில் ஆற்று நீரை நிரப்பி, கீழ்ப் பெட்டியில் இருப்பதைத் திறந்துவிடுகிறார்கள். கனத்தது இறங்க, மற்றது ஏறுகிறது. மூன்று முறை போய் வந்தேன். டிக்கெட் விலையைச் சொல்லி உன் அண்ணன் முணுமுணுத்தான்.

இதே ஆறுகள்தான் 1952 ஆகஸ்ட் 15 இரவில் 34 உயிர்களைக் கொண்டுபோயின. எக்ஸ்மூர் மேட்டில் ஒரே நாளில் ஒன்பது அங்குல மழை. மரங்களும் பாறைகளும் பாலங்களில் அடைத்து நின்று, பிறகு மொத்தமாகப் பெயர்ந்து வந்திருக்கின்றன. பொதுப்பணித் துறையில் ஏரியும் மதகுமாக அலைந்தவனுக்கு உறுத்தியது வேறு. மேற்கு லின் ஆற்றை முன்பே ஒதுக்கித் திருப்பிவிட்டு, கிடைத்த இடத்தில் கட்டடம் கட்டியிருந்தார்கள். அன்றிரவு அது பழைய தடத்திலேயே ஊருக்குள் இறங்கியது. பின்னர் ஊரைத் திரும்பக் கட்டியபோது ஆற்றுக்குத் தாராளமாக வழி விட்டிருக்கிறார்கள். இன்று ஓடுவது கணுக்கால் தண்ணீர். அதற்கு அத்தனை அகலம்! பாலத்தில் வெகுநேரம் நின்றேன்.

மாப்பிள்ளை அனுப்பிய மனைப் படத்தை நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்க எல்லையில் 'ஓடை' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. விலை ஏன் மலிவு என்று இப்போது புரிகிறது. முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல். அந்த சர்வே எண்ணுக்குப் புல வரைபடம் வாங்கி வை. அடுத்த மாதம் வந்ததும் நானே சங்கிலி பிடித்து அளக்கிறேன்.

அன்புடன்,
அப்பா