மூலோபாய விளையாட்டுகளில் படைக்கு உணவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் ஆடப்படும் மூலோபாய விளையாட்டுகளில் படைகளுக்கு உணவு வழங்கும் ஏற்பாடு வீண் சுமை என்றும், அது போரின் விறுவிறுப்பைக் கெடுக்கிறது என்றும் இளைஞர்கள் பலர் சொல்கிறார்கள். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. நன்றாக அமைந்த உணவு ஏற்பாடுதான் வரைபடத்தில் உள்ள மலைக்கும் ஆற்றுக்கும் பருவத்துக்கும் பொருள் தருகிறது.

1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் ஒரு வீரனை உருவாக்கும்போது மட்டும் உணவு செலவாகும். அதன்பின் அவன் உண்பதே இல்லை. விரைவாக ஆடி முடிக்கும் விளையாட்டுக்கு அது போதும். ஆனால் ஒரு நாட்டை நூற்றாண்டுக் கணக்கில் ஆளவிடும் ‘யுரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ போன்ற விளையாட்டில், ஒவ்வொரு மாகாணமும் இத்தனை வீரர்களையே தாங்கும் என்ற வரம்பு இருப்பதால், பெரும்படையைப் பிரித்து நடத்தவும், சண்டை நெருங்கும்போது மீண்டும் ஒன்றுசேர்க்கவும் நாம் பழக வேண்டியிருக்கிறது. நெப்போலியன் காலத்துத் தளபதிகள் செய்ததும் இதுவே.

எண்ணிக்கையில் சிறிய நாட்டுக்கும் இதனால் பிழைக்க வழி கிடைக்கிறது. 1803 பெப்ரவரியில் பிரித்தானியப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிகள் செல்லத்தக்க வீதி 1820களில்தான் அமைந்தது என்பதால், அங்கு விடப்பட்ட காவற்படைக்குப் பொருட்களைச் சேர்ப்பது பெரும்பாடாயிற்று. மழையும் காய்ச்சலும் தட்டுப்பாடும் அதை நலிவித்தபின், ஜூன் மாதத்தில் கண்டிப் படையினரிடம் அது வீழ்ந்தது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றியபோது கபிலரும், மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவரின்றியே அங்கு விளைவதைக் காட்டித்தான் அதை வெல்வது அரிது என்றார். வீரர்களுக்குப் பசியே இல்லாத விளையாட்டில் கண்டியும் பறம்பும் சில நிமிடங்களில் விழுந்துவிடும்.

இருப்பினும் எல்லா உணவு ஏற்பாடுகளையும் நான் ஆதரிக்கவில்லை. ‘நைட்ஸ் அண்ட் மெர்ச்சண்ட்ஸ்’ (1998) விளையாட்டில் பசித்த ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் உணவு கொண்டுவருமாறு ஆடுபவரே தனித்தனியாகக் கட்டளையிட வேண்டும். அதில் சிந்திக்க அதிகம் இல்லை, சலிப்பே மிஞ்சுகிறது. மாறாக, ‘டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்’ (2019) விளையாட்டில் பகைவர் மண்ணில் நிற்கும் படையின் கையிருப்பு தானாகவே குறைந்து வரும், முற்றுகையைத் தொடர்வதா, திரும்பிவிடுவதா என்ற முடிவு மட்டுமே நம்மிடம் விடப்படுகிறது. இதுவே சரியான முறை என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நாட்டு மாணவர்களும் இத்தகைய விளையாட்டுகளை உருவாக்க முன்வரும்போது உணவைக் கைவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் செல்லும் நிலம் எத்தனை பேரை எவ்வளவு காலம் தாங்கும் என்பது படை புறப்படுவதற்கு முன்பே திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும்; வீரர்கள் மடிந்த பின்னர் காரணத்தை அறிவித்தால், ஆடுபவர் அதைத் தண்டனையாகவே கொள்வார்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.